ராத்திரி மூன்று மணிக்கும் ஒரு திட்டம் வேண்டும்

பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்பும் தாயிடம் "குழந்தையை எப்படிப் படுக்க வைப்பீங்க?" என்று கேட்டால், "மல்லாக்க" என்று சட்டென்று பதில் வரும். "சரி, ராத்திரி மூணு மணிக்குப் பால் கொடுக்கும்போது உங்களுக்கே கண் சொக்கினால்?" என்றால்தான் முழிப்பார்கள். திட்டம் தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான்.

முதலில் படுக்கை. குறைந்தது 6 மாதம் வரை குழந்தை உங்கள் அறையிலேயே தூங்கட்டும், ஆனால் தனிப் படுக்கையில், உங்கள் கை எட்டும் தூரத்தில். மெத்தை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். குழந்தை படுத்த இடம் பள்ளமாகக் கூடாது. அதன்மேல் இறுக்கமாகப் பொருந்திய ஒரு விரிப்பு, அவ்வளவுதான். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம். பரிசாக வந்த அழகான படுக்கை செட்டைப் போட்டோ எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கும் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டுவேன். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் கீழே இருக்கும். கக்கும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் 1991-லும், அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கியது. அதற்குப் பிறகு தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பெருமளவு குறைந்தன. புரையேறி இறப்பது கூடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் வேண்டாம், அப்படியே குப்புறச் சாய்ந்துவிடும்.

இப்போது அந்த மூன்று மணி. எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சோபாவும் சாய்வு நாற்காலியும் கூடவே கூடாது. தூங்கிவிடுவோம் என்று லேசாகத் தோன்றினால்கூட, தலையணை, போர்வையெல்லாம் எடுத்துவிட்ட கட்டில் சோபாவைவிட ஆபத்து குறைந்தது. கண் விழித்ததும் குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, வீட்டில் புகைப்பவர் இருப்பது, மது, மயக்கம் தரும் மருந்து என ஏதாவது ஒன்று இருந்தாலும் கட்டில் யோசனையே வேண்டாம். கணவரையோ வேறு யாரையாவதோ எழுப்பிப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிப் படுக்க வைப்பது அவர் வேலை. இதில் கூச்சப்படவே வேண்டாம்.

துணி விஷயத்தில் நம் உடம்புக்குப் போதுமானதைவிட ஒரு அடுக்கு கூட இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டுக்குள் தொப்பி தேவையில்லை. கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். துணியில் சுற்றிப் படுக்க வைப்பவர்கள், குழந்தை புரள முயன்ற அன்றே அதை நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம், குழந்தையைத் தூங்க வைக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையை யாரோ ஒருநாள் குப்புறப் போட்டால், ஆபத்து இன்னும் கூடுதல். "நாங்கள் அப்படித்தானே வளர்த்தோம்" என்பவரோடு வாதாடாமல், "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள்.

ஒரு வயது வரை ஒவ்வொரு முறையும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த பிறகு, தூக்கத்தில் அது திரும்பிக்கொண்டால் அப்படியே விட்டுவிடலாம். நீங்கள் எழுந்து எழுந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.