ஜாம் ஆன பழைய டிராக்டர் எஞ்சினை மாணவர்களோடு சேர்ந்து ஓட வைப்பது எப்படி

பள்ளிப் பட்டறைக்குள் ஒரு பழைய டிராக்டர் எஞ்சின் வந்து இறங்கியதுமே எல்லாக் கைகளும் ஸ்பானரைத் தேடும். கொடுக்காதீர்கள். முதல் நாள் வேலை போட்டோ எடுப்பதும் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) வார்த்திருக்கும் எண்களைப் படித்து எழுதிக்கொள்வதும்தான். அவிழ்ப்பதற்கு அரை நாள் போதும். எது எங்கே இருந்தது என்று யாரும் குறிக்காமல் விட்டால், திரும்பப் பூட்ட அரை வருஷம் ஆகும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது அரிய மாடலுக்கு ஆசைப்படாதீர்கள். லட்சக்கணக்கில் செய்த ஃபோர்டு 8என் (1947–1952), ஃபார்மால் எச் (1939–1953), ஃபெர்குசன் டிஇ20 (1946–1956) போன்ற டிராக்டர்களுக்கு சர்வீஸ் மேனுவலும் உதிரி பாகங்களும் இன்றும் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ள 8என் நல்லது. அதன் வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருப்பதால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடி) கழற்றியதும் உள்ளே இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அதன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் வரிசை, 1-2-4-3. வேறு எஞ்சின்களில் 1-3-4-2 பழகிய கை பிளக் ஒயரைத் தானாகவே மாற்றிச் செருகிவிடும்.

தொடுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. பழைய கேஸ்கெட்டில் (இரு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் தகடு) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இரண்டையும் உலர்ந்தபடி உரசவோ காற்றடித்து ஊதவோ கூடாது, இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதியாகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அப்புறம் தினமும் ஒரு மாணவர் வந்து ஃபிளைவீலை (எஞ்சினின் கனமான சுழல் சக்கரம்) முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கட்டும். ஒரு நாள் ஒரு நூலளவு நகரும், அன்றைக்குப் பட்டறையில் கேட்கும் சத்தம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நாளில்கூடக் கேட்காது. ஒரு வாரம் பார்த்தும் அசையவில்லை என்றால் ஹெட்டை எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கு மேலே தெரியும் துருவையும் கரியையும் முதலில் சுத்தம் செய்து, மரக்கட்டையை வைத்து அதன் மேல்தான் தட்ட வேண்டும். இரும்பு நேராக பிஸ்டனில் பட்டால் பிஸ்டன் போச்சு.

கழற்றும்போது ஓர் அட்டையில் ஹெட்டின் உருவத்தை வரைந்து, துளையிட்டு, எந்த போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அந்தத் துளையிலேயே செருகி வையுங்கள். பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கேப் இருக்கிறதே, அது அந்த ராடோடு சேர்த்துக் கடைந்தது, இன்னொன்றுக்குப் பொருந்தாது, திசை மாறினாலும் பொருந்தாது. அவிழ்ப்பதற்கு முன்பே எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் குறியிடுங்கள்.

அடுத்தது அளவெடுப்பு, பாடம் முழுக்க இங்கேதான். புது பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றி உட்காரும், ஓரிடத்தில் வெட்டிய வளையம்) சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதை நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். மேனுவல் சொல்வதுதான் இறுதி. பொதுக் கணக்கு, துளை விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.003 முதல் 0.004 அங்குலம், அதாவது 3 அங்குலத் துளைக்கு 0.009 முதல் 0.012 வரை. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டும், சிலிண்டரைக் கீறும், உடையவும் செய்யும். ஒரே ரிங்கை மூன்று பேர் தனித்தனியாக அளக்கட்டும், மூன்று விடை வரும், அப்போதுதான் கேஜைப் பிடிக்கும் விதம் பற்றிப் பேச முடியும்.

ஹோனிங் செய்த, அதாவது சாணைக்கல்லால் உட்சுவரைத் தேய்த்த, சிலிண்டரை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள், கல் தூள் கீறல்களுக்குள்ளேயே இருக்கும். சோப்பும் வெந்நீரும் பிரஷும்தான். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை தேய்த்து, காய்ந்த உடனே எண்ணெய் பூசுங்கள், தாமதித்தால் கண் முன்னாலேயே துரு படியும்.

வால்வு கிரைண்டிங், அதாவது வால்வையும் அது உட்காரும் சீட்டையும் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்ப்பது, சின்னப் பிள்ளைகளும் செய்யலாம். தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, வால்வைப் பிடிக்கும் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துச் சுழற்றுவதுபோல் உருட்டி, அடிக்கடி தூக்கி வேறு இடத்தில் வைத்து உருட்ட, வால்விலும் சீட்டிலும் மங்கலான சாம்பல் வளையம் அறுபடாமல் சுற்றி வர வேண்டும். வேலை முடிந்ததும் பேஸ்ட்டைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள்.

கந்தல்துணிகளையும் எண்ணி வையுங்கள். ஒருமுறை நாங்கள் பூட்டி முடித்த எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தது, கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தோம், கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (காற்றும் எரிபொருளும் சிலிண்டருக்குப் போகும் குழாய்) தூசி போகாதிருக்க யாரோ திணித்த துணி அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து துணிக் கணக்கு கரும்பலகையில் எழுதப்படுகிறது.

ஸ்டார்ட் செய்யும் நாளில் எஞ்சின் வெளியே இருக்கட்டும், புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், நிறுத்தும் சுவிட்சின் பக்கத்தில் ஒருவர் வேறு வேலை இல்லாமல். 8என் என்றால் பேட்டரி 6 வோல்ட், பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். முதலில் பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் கேஜ் முள் எழுகிறதா என்று பாருங்கள், எழாவிட்டால் அன்றைக்கு ஸ்டார்ட் இல்லை. கைப்பிடியால் சுற்றுகிற எஞ்சின் என்றால் கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், அதுவும் பெரியவர் ஒருவர்தான். திருப்பி உதைத்தால் வளைத்துப் பிடித்த கட்டைவிரல் முறியும்.

ஓடியதும் பத்து விநாடிக்குள் ஆயில் பிரஷர் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். வந்தால் சரி, இருபது நிமிஷம் சுமையில்லாமல் ஓடட்டும். ஆயில் சூடாக இருக்கும்போதே வெள்ளைத் தட்டு ஒன்றில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் மினுமினுப்பு வரும், அது புது ரிங் படிவது. காந்தத்தில் ஒட்டாத, விரலில் நெருடுகிற துணுக்குகள் கண்டால் பேரிங்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும், பிள்ளைகள் எவ்வளவு முகம் சுளித்தாலும்.