மனந்திரும்பியவர் நற்செய்தியைப் பகிரும் முறை

சுவிசேஷத்தை, அதாவது இயேசுவைப் பற்றிய நற்செய்தியை, பிறருக்குச் சொல்லப் புறப்படும் முன், மனந்திரும்புதல் நம் வீட்டிலும் கொடுக்கல் வாங்கலிலும் தெரிய வேண்டும். "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டு வந்தவர்களிடம் மனந்திரும்புதலைப் போதித்த யோவான் ஸ்நானன், இரண்டு அங்கிகள் உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவும், வரி வசூலிக்கும் ஆயக்காரர் தங்களுக்குக் கட்டளையிடப்பட்டதற்கு மேல் வாங்காதிருக்கவும் சொன்னார் (லூக்கா 3). எரிகோ ஊரின் ஆயக்காரர் தலைவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துவதாக இயேசுவின் முன் நின்று அறிவித்தான். ஆகவே முதலில் தனித்து ஜெபத்தில் அமர்ந்து, பாவத்தைப் பொதுப்படையாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாக அறிக்கையிடுங்கள். திருப்பித் தராத கடன், பரப்பிய அவதூறு, பிள்ளையிடம் பேசிய கடுஞ்சொல் ஆகியவற்றை எழுதிவைத்து, உரியவரிடம் நேரில் சென்று, "ஆனால் நீங்களும்..." என்று இழுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். இருப்பதிலேயே கடினமான படி இதுதான்.

கதரேனர் நாட்டில் அசுத்த ஆவி பிடித்திருந்து இயேசுவால் குணமானவன் அவரோடு வர வேண்டிக்கொண்டபோது, இயேசு அவனை அவனுடைய இனத்தாரிடத்திற்கே அனுப்பினார் (மாற்கு 5:19). நீங்களும் வீட்டாரிடமிருந்தே தொடங்குங்கள். முன்பு எப்படி இருந்தீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதைச் சில நிமிடங்களில், மிகைப்படுத்தாமல் சொல்லுங்கள். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதை விட்டுவிட்டால், சொன்னது நம் கதையாக மட்டுமே நின்றுவிடும். கேட்பவருடைய நம்பிக்கையை இகழ்வதும், அவருடைய நோயையோ வறுமையையோ பயன்படுத்தி வற்புறுத்துவதும் கூடவே கூடாது. இயேசுவின் சீடரான பேதுரு சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லும்படியே எழுதினார். கேட்பவர் மேலும் அறிய விரும்பினால், 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு சுவிசேஷத்தைக் கொடுத்து, வாசித்தபின் எழும் கேள்விகளைப் பேச ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.