நூலகக் குழுத் தீர்மானத்தைக் கவுன்டர் வரை கொண்டுபோவது எப்படி

பல்கலைக்கழக நூலகத்தில் சண்டை நடக்கிற இடம் கவுன்டர். அதன் வேர் பெரும்பாலும் நூலகக் குழுவின் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், இருக்கும். நான்கு வருடமாகத் திரும்பாத புத்தகத்தைக் கேட்டுத் துறைக்குப் போகும் உதவி நூலகரின் கையில் ஒரு தீர்மான எண் வேண்டும். இல்லாவிட்டால், "அது நம்மகிட்டத்தான் இருக்குதுங்க, எங்க போயிடப் போகுது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நூலகர் பொறுப்பை ஏற்கிறவர்கள் முதல் வருடத்தில் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் இவை.

எந்த மேசையில் எந்த முடிவு

முதலில் மூன்று பட்டியல் போடுங்கள். அலமாரி வரிசை, பணியாளர் முறைநேரம், கேட்லாக் திருத்தம் ஆகியவை நூலகரே முடிக்க வேண்டியவை. இதைக் குழுவுக்குக் கொண்டுபோனால் அடுத்த கூட்டம் முழுக்க நாற்காலி நிறத்தைப் பற்றித்தான் நடக்கும். கடன் விதி, திறப்பு நேரம், துறைவாரிப் பங்கீடு, இதழ் நிறுத்தம் ஆகியவை குழுவுக்குரியவை. கட்டணம், அபராதத் தொகை, பணியிடம், தொலைந்த நூலைக் கணக்கிலிருந்து நீக்குதல் போன்றவை நிதிக் குழுவுக்கும் சிண்டிகேட்டுக்கும் (பல்கலைக்கழக ஆட்சிக் குழு) போகவேண்டும். குழு பரிந்துரைக்கலாம், அவ்வளவே. நூலகக் குழுவில் அபராதத்தை உயர்த்திவிட்டு மறுநாளே வசூலித்தால், தணிக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

குழு ஏழு முதல் ஒன்பது பேருக்குள் இருப்பது நல்லது. துணைவேந்தரோ அவர் நியமிக்கும் டீனோ தலைவர், நூலகர் உறுப்பினர் செயலர். ஆய்வு மாணவர் ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நூலகத்தை அதிகம் பயன்படுத்துகிறவர் அவர்தான். எல்லாத் துறைத்தலைவர்களையும் சேர்த்தால் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேராது. சேர்ந்தாலும் ஒவ்வொருவரும் தன் துறைக்கு மட்டுமே வாதாடுவார். இரண்டு வருடச் சுழற்சி போதும்.

நிகழ்ச்சி நிரல் பத்து நாளுக்கு முன்பே போய்ச் சேரட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பக்கம்: இப்போதைய நிலை, எண்கள், இரண்டு மாற்றுவழி, நூலகரின் பரிந்துரை, அப்படியே நிறைவேற்றக்கூடிய தீர்மான வாசகம். வாசகத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் "ஆவன செய்யப்படும்" என்றுதான் மினிட்ஸில் ஏறும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கவுன்டரில் யாரிடமும் எதையும் கேட்க முடியாது. எதிர்ப்பு வரும் பொருளென்றால், அந்தத் துறைத்தலைவரைக் கூட்டத்துக்கு முன்பே அறையில் போய்ப் பார்த்துப் பேசுங்கள். சபையில் முதல்முறையாகக் கேட்டால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மினிட்ஸ் வரைவு மூன்று வேலைநாளில், திருத்தத்துக்கு ஏழு நாள், பிறகு ஒப்புதலுடன் பதிவாளரின் சர்குலர்.

பணப் பங்கீடு

எல்லாத் துறைக்கும் சமமாகப் பிரிப்பது அமைதியாகத் தெரியும், ஆனால் பெரிய துறை பட்டினி கிடக்கும். நூல் வாங்க 20 லட்சம், துறைகள் 20 என்று வையுங்கள். முதலில் 15 சதவீதத்தை, அதாவது 3 லட்சத்தை, பொது ஒதுக்கமாக எடுத்துவிடுங்கள். குறிப்பு நூல், பார்வையற்றோருக்கான வடிவங்கள், புதிதாகத் தொடங்கும் பாடப்பிரிவு எல்லாம் இதிலிருந்துதான். மீதி 17 லட்சத்தில் 40 சதவீதத்தைச் சமமாகப் பிரித்தால் துறைக்கு 34,000 ரூபாய். எஞ்சிய 10,20,000 ரூபாயை எடைப்படி பிரியுங்கள்: முதுகலை மாணவருக்கு 1, ஆய்வு மாணவருக்கு 3. எடை எவ்வளவு என்பதை ஒருமுறை தீர்மானமாக்கி மூன்று வருடம் தொடாதீர்கள்.

செப்டம்பர் கடைசிக்குள் துறைப் பரிந்துரை வரவேண்டும்; நவம்பர் 15-க்குப் பிறகு மிச்சமுள்ளது பொது ஒதுக்கத்தில் சேரும் என்று விதியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் மார்ச் மாதம் விற்பனையாளர் தன் கிடங்கில் இருப்பதை இறக்கிவிட்டுப் போவார். அக்செஷன் ஆகாத, அதாவது பதிவேட்டில் எண்ணிட்டு ஏற்றாத, கட்டுகள் ஜூன் வரை மூலையில் கிடக்கும்.

இதழ்களை நிறுத்துவது

இதைவிடச் சிக்கலான வேலை இல்லை. முதலில் 'ஒரே நாடு ஒரே சந்தா' பட்டியலோடு ஒப்பிடுங்கள். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் அது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கும். சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. இந்தத் திட்டத்தில் கிடைக்கும் இதழுக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருப்பது வீண்.

மீதி இதழ்களுக்கு கவுன்டர் அறிக்கையை எடுங்கள் (கடன் கொடுக்கும் கவுன்டர் அல்ல, மின்னிதழ்ப் பயன்பாட்டை எண்ணும் சர்வதேச முறையின் பெயரே அதுதான்). சந்தா 1,20,000 ரூபாய், வருடத்தில் 60 முறை திறக்கப்பட்டது என்றால் ஒரு கட்டுரைக்கு 2,000 ரூபாய். இந்த எண்ணை மட்டும் வைத்து வெட்டாதீர்கள். கணிதத்தில் ஐந்து பேர் மட்டும் படிக்கும் இதழே துறைக்கு உயிராக இருக்கலாம். அச்சில் வரும் தமிழாய்வு இதழ்கள் இந்த அறிக்கையில் தலைகாட்டவே செய்யாது. அவற்றுக்கு, மேசையில் விட்டுப்போன பிரதிகளைத் தினமும் எண்ணிக் குறிப்பதுதான் வழி. சந்தா ஜனவரியில் தொடங்கும், நிதியாண்டோ ஏப்ரலில். எனவே ஆகஸ்ட் கூட்டத்திலேயே நிறுத்தப் பட்டியல் முடிவாக வேண்டும். தள்ளிப்போனால் முகவர் புதுப்பித்துவிட்டு பில்லோடு வருவார்.

கடன் விதி

ஆசிரியருக்கு அபராதம் போடலாமா என்ற விவாதத்தில் இறங்காதீர்கள், அதில் ஜெயித்தவர் இல்லை. இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ஆசிரியர் கடன் ஒரு செமஸ்டர்; வேறொருவர் முன்பதிவு செய்தால் ஏழு நாளில் திருப்ப வேண்டும்; அபராதம் இல்லை, ஆனால் திருப்பும்வரை புதிய நூல் கிடையாது. ஜூன் மாதம் ஒவ்வொருவருக்கும் அவர் கையிலுள்ள நூல்களின் பட்டியல் தனிப்பட்ட முறையில் போகட்டும். துறைத்தலைவர் வழியாக அனுப்பினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ஓய்வுபெறும் நாளில் நோ டியூஸ் (பாக்கியில்லைச் சான்று) கேட்டு நிற்கும்போது இருபது வருடக் கணக்கைத் தீர்ப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: உறுப்பினர் வகை, நூல் வகை இரண்டுக்கும் பொருந்தும் விதி இருந்தால் பொது விதி செல்லாது. தீர்மானம் வந்ததும் பொது விதியை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், ஆய்வு மாணவருக்குப் பழைய விதியே ஓடிக்கொண்டிருக்கும். பொங்கல் விடுமுறையை நாட்காட்டியில் ஏற்றி, அபராதக் கணக்கில் விடுமுறை நாட்களைத் தவிர்க்கும் அமைப்பையும் தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் ஊருக்குப் போய் வந்த பையன் தலையில் அபராதம் விழும்.

திறப்பு நேரம்

இரவு பத்து வரை திறக்கச் சொல்லி மாணவர்கள் மனுக் கொடுப்பார்கள். மருதமலை, தடாகம் அடிவாரங்களில் இருட்டினால் யானை இறங்கும். விடுதி வரை வண்டியும் வெளிச்சமும் காவலரும் இல்லாமல் நேரத்தை நீட்டக்கூடாது. இன்னொன்று, பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்துபோகிறவர்களுக்கு இரவு நேரத்தால் பயனில்லை. காலை எட்டுக்குத் திறந்தால்தான் அவர்களுக்கு உதவும். தேர்வில்லாத இரண்டு வாரம், மணிக்கொரு முறை தலையை எண்ணி அந்த அட்டவணையோடு குழுவுக்குப் போங்கள்.

ஒப்புமைச் சான்று

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு நூலகம் தரும் சான்று இது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40 முதல் 60 வரை ஒரு வருடத் தடை. 60-க்கு மேல் பதிவே ரத்து. நூலகம் கொடுப்பது அறிக்கை. துறையின் கல்வி நேர்மைக் குழு பரிந்துரைக்கும், தீர்ப்பு நிறுவனத்தின் கல்வி நேர்மைக் குழுவுடையது. இந்த வேறுபாட்டைக் கொள்கையில் எழுதாவிட்டால் "கொஞ்சம் குறைச்சுக் குடுங்க சார்" என்று தினம் ஒருவர் வருவார். என்னென்ன விலக்கப்பட்டன என்பதைச் சான்றிலேயே அச்சிடுங்கள்: நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, 14 சொல் வரையிலான தற்செயல் ஒற்றுமை.

தமிழ் ஆய்வேடுகளில் ஒரு பொறி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை மென்பொருள் ஆங்கிலக் குப்பையாகத்தான் படிக்கும், ஒப்புமை பூஜ்யம் என்று வரும். பிடிஎஃப்-இலிருந்து ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால் யூனிகோடில் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இருப்புச் சரிபார்ப்பு

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215: 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுமையாக, 50,000 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. வழங்கியதும் படிக்க எடுத்ததுமாக 1,000 நூலுக்கு 5 வரை, அலட்சியமோ நேர்மைக் கேடோ இல்லாத பட்சத்தில், நியாயமான இழப்பு. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை கட்டாயம். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்தத் தணிக்கை விதியே முதலில், ஆனால் குழுவில் பேசும்போது இது நல்ல அளவுகோல். காணாத நூலை உடனே நீக்கப் பரிந்துரைக்காதீர்கள். தவறான அலமாரியில் சொருகியதும், பைண்டிங்குக்குப் போனதும், துறை நூலகத்தில் தங்கியதும் அடுத்த சுற்றில் கிடைக்கும். இரண்டு சுற்றிலும் காணாததை மட்டும் அக்செஷன் எண், விலை, கடைசியாக வழங்கிய தேதியோடு பட்டியலிட்டு நிதிக் குழுவுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வந்தபின் அக்செஷன் ரிஜிஸ்டரில் தீர்மான எண்ணைச் சிவப்பு மையில் குறித்து, கேட்லாக்கிலும் அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.