மதுரை மாநகராட்சியில் எந்த வேலைக்கு எந்தப் பிரிவு: புதியவர்களுக்கான வழிமுறை

மதுரை 1866ஆம் ஆண்டு நகராட்சியாகி, 1971ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்தது. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலிய சுற்றுவட்டார உள்ளாட்சிகள் இணைந்தபோது 72ஆக இருந்த வார்டுகள் 100ஆயின. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையில் கொடுக்கப்படும் மனு, அங்கிருந்து மண்டலத்துக்கும் பிறகு பிரிவுக்கும் இறங்கிய பின்னரே வேலையைச் செய்யும் அலுவலரை அடைகிறது. ஆகவே, அந்த அலுவலர் யார் என்பதை மனு எழுதும் முன்பே அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

முதற்படியாக, உங்கள் குறை மாநகராட்சியைச் சேர்ந்ததுதானா என்று பாருங்கள். பட்டா வட்டாட்சியர் அலுவலகத்தையும், குடும்ப அட்டை உணவுப்பொருள் வழங்கல் துறையையும், மின்தடை மின் வாரியத்தையும் சேர்ந்தவை. ஆனால் தெருவிளக்கு எரியாதது மாநகராட்சியின் பொறுப்பு. இதைப் பலரும் மின் வாரியத்திடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இருப்பதால், பள்ளம் பற்றி எழுதும் முன் சாலை யாருடையது என்று கேட்டறிவது அவசியம்.

அடுத்து, வீட்டின் சொத்துவரி ரசீதை எடுத்து வார்டு எண்ணையும் மண்டலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் உதவி ஆணையாளரின் பொறுப்பில் இயங்குகிறது. அன்றாடக் குறைகள் பெரும்பாலும் மண்டல அளவிலேயே தீரக்கூடியவை. அங்கே தொடங்காமல் நேரே ஆணையாளருக்கு எழுதுவதால் வேகம் கூடுவதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

மூன்றாவது படி, பிரிவைத் தேர்ந்தெடுப்பது. சொத்துவரி, பெயர் மாற்றம், காலிமனை வரி ஆகியவை வருவாய்ப் பிரிவுக்கு உரியவை; களத்தில் அதன் முகம் பில் கலெக்டர். கட்டட அனுமதியும் விதிமீறலும் நகரமைப்புப் பிரிவுக்குச் செல்லும். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, தெருச்சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பொறியியல் பிரிவு கவனிக்கிறது. உங்கள் வார்டுக்கு உரிய உதவிப் பொறியாளரே இங்கு முதலில் அணுகத்தக்கவர். குப்பை, கொசு ஒழிப்பு, தெருநாய், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மாநகர நல அலுவலரின் கீழ் உள்ள பொது சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தவை. வார்டில் சுகாதார ஆய்வாளரைப் பார்க்க வேண்டும். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணமும் கூடுதல் அனுமதியும் தேவைப்படா.

ஒரே குறை இரண்டு பிரிவுகளைத் தொடுவதும் உண்டு. குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கசிவைத் தோண்டிக் கண்டுபிடித்து அடைப்பவர்கள் பொறியியல் பிரிவினர். தண்ணீரைப் பரிசோதிப்பதும், தெருவில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு கண்டிருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்பதும் சுகாதாரப் பிரிவினர். ஒருவரிடம் மட்டும் சொன்னால் குழாய் சரியாகும் வரை மக்கள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்க நேரும், அல்லது பரிசோதனை முடிந்தும் கசிவு அப்படியே இருக்கும். எனவே இரு பிரிவினருக்கும் தனித்தனி மனு கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றதைக் குறிப்பிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கதவு எண் முதல் எந்தக் கதவு எண் வரை வாடை வருகிறது என்பதை எழுதினால், கசிவு இருக்கும் இடத்தைப் பொறியாளர் எளிதில் நெருங்கிவிடலாம். ‘எங்கள் பகுதி முழுவதும்’ என்ற சொற்கள் அவருக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை.

மனுவை நேரில் கொடுத்தாலும் இணையத்தில் பதிந்தாலும், ஒப்புகைச் சீட்டையோ பதிவு எண்ணையோ பெறாமல் திரும்ப வேண்டாம். அதன் பிறகும் அசைவு இல்லையெனில் உதவி ஆணையாளரிடமும், அடுத்து ஆணையாளரிடமும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம்.

இதுவரை சொன்னது அலுவலர்களின் வரிசை. இதற்கு இணையாக, மேயர், துணை மேயர், மண்டலத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள் அடங்கிய மாமன்றம் இருக்கிறது. புதிய சாலை, புதிய பூங்கா, வாய்க்கால் தடுப்புச் சுவர் போன்று நிதி ஒதுக்க வேண்டிய பணிகளைப் பழுதுக் குறைபோல எழுதிக் கொடுத்தால் பலன் கிடைப்பது அரிது. அவை வார்டு உறுப்பினர் வழியாக மாமன்றத் தீர்மானமாக வேண்டியவை. வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் இவற்றைப் பதிவு செய்யுங்கள்.

கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லையெனில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பதிலுக்கான கெடு 30 நாட்கள். ஏன் செய்யவில்லை என்று கேட்பதைவிட, இந்தப் பதிவு எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் சென்றது, அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.