நசுங்கிய மண்டையோடும் புளியந்தோப்பு ஆட்டுத் தலையும்

ஞாயிறு காலை புளியந்தோப்பில் ஒரு கறிக்கடை முன்னால் நின்று, "அண்ணே, தலை ஒண்ணு குடுங்க. பிளக்காதீங்க, தீயில வாட்டவும் வேணாம்" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, வாங்கி வந்துவிடுங்கள். அழிந்துபோன குளம்பு விலங்குகளின் மண்டையோட்டைப் படிக்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, முழுத் தலை ஒன்றை உருட்டிப் பார்க்காமலே உடைந்த ஃபாசில் கல்லின் முன்னால் போய் உட்காருவதுதான்.

தலையை வேகவைத்துக் கொம்பைத் திருகினால் உறை தனியாகக் கழன்று வரும். உள்ளே நிற்பது எலும்பு முளை. கல்லாக மாறிக் கிடைப்பது பெரும்பாலும் அந்த எலும்புதான்; உறை நம் நகத்தின் சாதி, மக்கிவிடும். ஆகவே ஃபாசிலில் உள்ள குட்டை முளையை அளந்து கொம்பின் நீளம் இவ்வளவு என்று எழுதாதீர்கள். முளை அடியோடு முறிந்திருந்தால் "கொம்பில்லாதது, பெட்டை" என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. முறிந்த இடத்தைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். கொம்பே முளைக்காத நெற்றி வழவழ.

வயதை மறப்பது அடுத்த தவறு. ஆட்டு வியாபாரி வாயைத் திறந்து பார்த்து "ரெண்டு பல்லு" என்று விலை பேசுவார். அந்தக் கண் நமக்கும் வேண்டும். அசைபோடும் விலங்குகளின் குட்டிக்குக் கீழ்த்தாடையின் கடைசிப் பால் கடைவாய்ப்பல் மூன்று மடலாக இருக்கும். அது விழுந்து முளைக்கும் பல் அதைவிடச் சிறியது, எளியது. இது தெரியாதவர் குட்டியையும் தாயையும் இரண்டு இனமாக்கிவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய வினை நசுக்கல். மண்ணும் பாறையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மேலே உட்கார்ந்தால் எலும்பு வளையும், தட்டையாகும். வட அமெரிக்காவின் ஓரியோடான்ட் என்ற குளம்பு விலங்குகளில், நசுங்கிய மண்டையோடுகளின் வடிவத்தை நம்பித் தேவைக்கு மேல் பெயர்களை அடுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றில் பலவற்றை நீக்க வேண்டியதாயிற்று. மிதிபட்ட டிபன் பாக்ஸைப் பார்த்து கம்பெனி புது மாடல் விட்டிருக்கிறது என்பது போலத்தான். இடது, வலது கண்குழிகள் ஒரே உயரத்தில் உள்ளனவா, அண்ணத்தின் நடுக்கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். நேர் மேலிருந்து அமுங்கியிருந்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போய் ஏமாற்றும். அப்போது பல்லை நம்பலாம். எனாமல் அவ்வளவு எளிதில் வளையாது.

பசை விஷயத்தில் நானே குற்றவாளி. கன்னத்து எலும்புத் துண்டு ஒன்றை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் தலைகீழ். பிரிக்க முயன்றதில் ஓரம் பொடியானது. அசிட்டோனில் கரையும் பாராலாய்டு பி-72 என்ற பசை இருந்திருந்தால் கரைத்து எடுத்து மறுபடி ஒட்டியிருக்கலாம்.

பல் விழுந்த குழியைக் குப்பையாக எண்ணி பிளாஸ்டர் சாந்தால் நிரப்பிவிடுவதும் நடக்கிறது. 1833-இல் உருகுவேயில் டார்வின், டாக்சோடான் என்ற அழிந்துபோன குளம்பு விலங்கின் மண்டையோடு ஒன்றைப் பதினெட்டு பென்ஸுக்கு வாங்கினார். சிறுவர்கள் கல்லெறிந்து அதன் பற்களைத் தட்டிவிட்டிருந்தார்கள். சுமார் 180 மைல் தள்ளி வேறோரிடத்தில் அவர் எடுத்திருந்த ஒரு பல், அந்த வெற்றுக் குழிகளில் ஒன்றில் அச்சாகப் பொருந்தியது. குழியை அடைத்திருந்தால்?

காதுப் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. முகம் அழகாக வந்தால் போதும். ஜம்மு பகுதியின் காலாகோட்டில் ரங்கா ராவ் என்ற புவியியலாளர் சேகரித்த கற்களில் சிறு குளம்பு விலங்கு ஒன்று இருந்தது. 1971-இல் இண்டோஹையஸ் என்று பெயர் வைத்தார். அவர் மறைந்த பிறகு அந்தக் கற்களைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த செவி எலும்பின் உட்சுவர் தடிப்பாக, திமிங்கிலத்தின் செவியைப் போல இருந்தது. 2007-இல் வெளியான ஆய்வு திமிங்கிலத்தின் நெருங்கிய உறவாக இந்தக் குளம்பு விலங்கைக் காட்டியது.

அதனால் அந்த ஆட்டுத் தலையை வேகவைத்த தண்ணீரை வடிகட்டாமல் கொட்டாதீர்கள். செவி எலும்பு சில நேரம் தானாகக் கழன்று பாத்திரத்தின் அடியில் கிடக்கும். என் முதல் தலையில் அது சாக்கடையோடு போய்விட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி கடைக்குப் போனேன்.