மாதிரி கொடுத்த பிறகு: குமரி மாவட்டக் கடைகளில் புதுச் சரக்கை ஏற்றுவது எப்படி

கருப்பட்டி சேர்த்த சுக்குக் காபிப் பொடி போன்ற புதிய பொருள் ஒன்றைச் செய்து, மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ உள்ள மளிகைக் கடையில் மாதிரிப் பாக்கெட் கொடுத்துவிட்டு வருபவர்களில் பலர், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பதிலை மறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சரக்கு விற்காமல் தேங்கினால் யார் பொறுப்பு என்ற கேள்விதான் பெரும்பாலும் அவர் மனத்தில் இருக்கும். அதற்கு விடை கொண்டுபோவதே அடுத்தடுத்த சந்திப்புகளின் வேலை. "முடிவு செய்துவிட்டீர்களா?" என்று வெறுங்கையோடு போய்த் திரும்பத் திரும்பக் கேட்பதால் அவருக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

மாதிரி கொடுக்கும்போதே, அடுத்து எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரலாம் என்று அவரிடமே கேட்டு, அவர் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள். காலை வியாபாரமும் மாலை வியாபாரமும் நடக்கும் நேரத்தில் கல்லாப்பெட்டியின் அருகே நின்று பேசுவது அவருக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் பயனில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணிக்குள் போவது நல்லது. போவதற்கு முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதலாம்: "அண்ணாச்சி, வணக்கம். திங்கள்கிழமை தந்த சுக்குக் காபிப் பொடியை வீட்டில் போட்டுப் பார்த்தீர்களா? நாளை மூன்று மணிக்கு அந்தப் பக்கம் வருகிறேன். ஆறு பாக்கெட் கொண்டு வரட்டுமா?" இதில் கடைசிக் கேள்வி முக்கியமானது, ஏனென்றால் ஆறு பாக்கெட் என்ற சிறிய அளவுக்குச் சரி சொல்வது எளிது.

இரண்டாவது சந்திப்புக்குப் போகும்போது லேபிள் குறையில்லாமல் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், தயாரித்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை இல்லாத பாக்கெட்டை வைத்திருந்தால் ஆய்வின்போது கடைக்காரரும் பதில் சொல்ல நேரிடும் என்பதால், அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நாகர்கோவிலில் கணினி பில் போடும் பெரிய கடைகளை அணுகுவதாக இருந்தால் பார்கோடும் தேவைப்படலாம்.

விலைப் பேச்சில் ஒரு தெளிவு அவசியம். பாக்கெட்டின் விலை 60 ரூபாய், கடைக்காரருக்கு நீங்கள் தருவது 48 ரூபாய் என்றால், அவருடைய லாபம் 12 ரூபாய். அது விற்பனை விலையில் 20 சதவீதம், கொள்முதல் விலையிலோ 25 சதவீதம். ஒருவர் ஒரு கணக்கையும் மற்றவர் வேறொரு கணக்கையும் மனத்தில் வைத்துப் பேசினால் முதல் பில்லிலேயே மனத்தாங்கல் வரும். ஆகவே சதவீதத்தை விட்டு ரூபாயில் பேசுங்கள். ஆறு பாக்கெட்டுக்கு அவர் போடும் முதலீடு 288 ரூபாய். விற்காததை எத்தனை நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுத்தால், அவருடைய பெரிய தயக்கம் அங்கேயே தீரும்.

சரக்கு ரேக்கில் ஏறியதும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அதிகக் கவனம் வேண்டியது அதற்குப் பிறகுதான். முதல் ஆர்டரைக் கடைக்காரர் உங்களுக்காக எடுத்திருக்கலாம், இரண்டாவது ஆர்டரை வாடிக்கையாளருக்காகத்தான் எடுப்பார். ஒரு வாரத்தில் போய், எத்தனை பாக்கெட் போயிருக்கிறது, யார் வாங்கினார்கள், என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். முதலாளியைவிடச் சரக்கெடுத்துக் கொடுக்கும் பணியாளருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும், அவரையும் மரியாதையோடு விசாரியுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. கருப்பட்டி ஈரக்காற்றை இழுத்துக் கட்டிபட்டுவிடும் என்பதால், மழைக்காலத்தில் ஒவ்வொரு பாக்கெட்டையும் கையால் தொட்டுப் பார்த்து, கட்டிபட்டதைக் கேட்காமலே மாற்றிக் கொடுங்கள். விளம்பரத்தைவிட இந்த ஒரு பழக்கம் கடைக்காரரின் நம்பிக்கையை அதிகம் வளர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் கடைக்காரரின் பணமும் இடமும் பண்டிகைச் சரக்கில் முடங்கியிருக்கும்; அப்போது புதுப்பொருள் பேசாதீர்கள். சுக்குக் காபிப் பொடிக்கு மே மாதமே பேச்சைத் தொடங்கினால், ஜூன் மழைக்குள் சரக்கு கடையில் இருக்கும். கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளுக்குச் சபரிமலைப் பருவம் முக்கியம். அங்கே வாங்குபவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர் என்பதால் சிறிய பாக்கெட்டும் தெளிவான செய்முறையும் வேண்டும்.

பாக்கியை வசூலிப்பதும் இதே வேலையின் பகுதிதான். மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள், இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். சிறு கடைகளில் சட்டம் பேசுவதைவிட, பழைய பில் தீர்ந்த பிறகே புதுச் சரக்கு என்ற வழக்கத்தை முதல் நாளே இதமாகச் சொல்லி வைப்பது உறவைக் காக்கும். சரக்கு வைத்த கடையில் இரண்டு மாதமாகியும் நகரவில்லை என்றால், மீதியை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்து, அந்தப் பாக்கெட்டுகளைக் கேட்பு உள்ள வேறு கடைக்குக் கொடுங்கள். அடுத்த பொருளோடு அதே கடைக்கு மறுபடியும் போக வாசல் திறந்தே இருக்கும்.