காட்சிச் சேவலுக்குப் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கத் தொடங்கும் இளைஞர்கள், பறவையின் விலையை விசாரிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதை ஏற்றிச் செல்லும் பெட்டிக்குக் காட்டுவதில்லை. மூத்த வளர்ப்பாளர்கள் பட்டுத் திருந்திய தவறுகளையே ஒவ்வொரு கண்காட்சியிலும் புதியவர்கள் மறுபடியும் செய்கிறார்கள். ஆணி முனை உள்ளே நீட்டக் கூடாது, தாழ்ப்பாள் உறுதியாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துளைகளை அடைத்துவிடும் அடுக்கல்

துளை போடாமல் யாரும் பெட்டி செய்வதில்லை. ஆனால் பக்கப் பலகைகள் இரண்டில் மட்டும் துளையிட்டு, வண்டியில் அந்தப் பக்கங்களையே ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி, மேலே தார்ப்பாயும் போர்த்திவிடுகிறார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பம் கொண்ட அப்பறவை, வாயைத் திறந்து மூச்சிரைத்து, அந்த மூச்சோடு ஈரத்தை வெளியேற்றித்தான் பெருமளவு வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அடைபட்ட பெட்டியில் அந்த ஈரமே தேங்கிப் புழுக்கமாகும்போது, எவ்வளவு இரைத்தும் பயனில்லை. வண்டி ஓடும்வரை ஓரளவு காற்று நுழையும். நின்றவுடன் அதுவும் நின்றுவிடும்.

ஒரு சித்திரை மாதத்தில், தருமபுரிப் பக்கம் போன வண்டி தொப்பூர் அருகே தேநீருக்காக வெயிலில் நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது நடுப்பெட்டிச் சேவல் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. “துளை போட்டுத்தானே இருந்தேன், அண்ணா” என்று அந்தத் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கண்ணால் கண்ட அவருடைய கூட்டாளி, அடுத்த கண்காட்சிக்கும் பெட்டிகளை அப்படியே நெருக்கி அடுக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

நான்கு பக்கங்களிலும் மேல்பகுதியில் துளையிட்டு, வெளிப்புறத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மரச்சட்டம் அடித்துவிட்டால், எவ்வளவு நெருக்கினாலும் பெட்டிகளுக்கு இடையே காற்றோட வழி இருக்கும். விமானத்தில் உயிரினங்களை ஏற்றுவதற்கான பன்னாட்டு விதிகளும் இத்தகைய இடைச்சட்டத்தைக் கேட்கின்றன. மயங்கிய பறவையைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியை மூடாதீர்கள். நிழலில் வெளியே எடுத்து, கொண்டையையும் கால்களையும் நனைத்துக் காற்றுப்பட விடுங்கள்.

வாலை மறந்த அளவு

பறவை நிற்கும் நிலையில் அலகிலிருந்து வால் நுனிவரை அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் நீளம் சேர்க்க வேண்டும். அகலத்தை அரைகுறையாக வைத்தால், சேவல் பாதி திரும்பி வாலை மடக்கிக்கொள்ளும். முறிந்த இறகு அடுத்த இறகுதிர்வுவரை முறிந்தபடியே நிற்கும் என்பதால், அந்தப் பருவக் கண்காட்சிகள் வீணாகிவிடும்.

கம்பி வலைப் பெட்டி

இறகைக் கிழிக்கும். வேண்டாம்.

வழுக்கும் தரை

வெறும் பிளைவுட் தரையில் சேவலுக்குக் கால் ஊன்றாது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அது இருபுறமும் மோதிக்கொண்டே வரும். சாக்கை இழுத்து அடித்து, அதன்மேல் வைக்கோல் பரப்புங்கள். நுண்ணிய மரத்தூள் மூச்சுக்குழாயைப் பாதிக்கும்.

இரவல் பெட்டி

மூலைவிரிசல்களில் உண்ணியும், எச்சத்தில் வெள்ளைக் கழிச்சல் நோய்க் கிருமியும் ஒட்டி வரலாம். தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்கு வெயிலில் காய்ந்த பிறகே பறவையை உள்ளே விடுங்கள்.